கோட்டைச் சுவருக்கு அடியில் ஓர் எட்டணா

முத்தியால்பேட்டை,
14 அக்டோபர் 2007

என்றும் என் அன்புக்குரிய அருளப்பா,

முதலில் உன்மேல் எனக்குள்ள குறைகளை வரிசைப்படுத்தி, காலம் குறித்து எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

1. ஏப்ரல் 1987. ஓட்டுமேட்டில் நாம் கண்ட செங்கல் சுவரின் அடி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, அது ஈராயிரம் ஆண்டுப் பழமையான நகரத்தின் கோட்டை மதில் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாய். அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு அடிவரை போகலாம் என்று என்னிடம் சொன்னாய். அடுத்த ஆண்டு அனுமதி வரவில்லை.

2. ஜூலை 1989. மேட்டைப் பாதுகாக்கக் கோரி நான் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையது. அங்கே எவரும் கட்டடம் எழுப்பவோ பள்ளம் எடுக்கவோ கூடாது என்ற ஆணை அந்த மனுவால் வந்தது.

3. ஏப்ரல் 1993, புனித வாரம். மூடிய குழியை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாகத் திறந்தாய். கண்டதைச் சொல்லாமல் மறுபடி மூடினாய்.

4. நவம்பர் 1998. மேட்டில் குடியிருக்கும் கலியபெருமாள் தன் வீட்டுக்குப் பின்னால் கக்கூசுக்குக் குழி எடுத்தார். நான் புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பார்த்தபோது நீ என் பக்கத்தில் நின்றாய். குழியை மூடச் சொன்னார்கள். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

5. பிப்ரவரி 2004. மேற்கண்ட எதற்கும் விளக்கம் அளிக்காமல் இறந்துபோனாய்.

இந்த ஐந்தில் மூன்றாவது எனக்குத் தெரியவந்தது போன மாதக் கடைசியில்தான். அது தெரிந்த பிறகுதான் மற்ற நான்கும் குறைகள் ஆயின. அதுவரை அவற்றை நம் சாதனைகள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ படித்த கல்லூரியில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மலரின் பெயர் 'கோட்டை கண்டவர்'. பெயரை மாற்றுங்கள் என்று போய்ச் சொன்னேன். பொறுப்பிலிருக்கும் ஆசிரியர் வருத்தப்பட்டார். "அட்டை அச்சாயிடுச்சே சார்" என்றார். ஆகவே அந்த அட்டைக்குள்ளேதான் இந்தக் கடிதம் வரும். வராமலும் போகலாம். வராவிட்டால் நானே நகல் எடுத்துக் கொடுத்துக்கொள்கிறேன்.

மலரைப் புரட்டுகிறவர்களில் நம்மைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சில வரிகள். நீயும் நானும் வரலாறு எம்.ஏ. ஒன்றாகப் படித்தோம். நான் பாடம் நடத்தப் போனேன். நீ மண்ணைப் படிக்கப் போனாய். விடுதியில் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம், எல்லாப் பையன்களையும்போல. நீ என் தங்கை லூர்துவைக் கட்டிக்கொண்ட பிறகு அது உறவுமுறையாகவே ஆகிவிட்டது. அன்று மாதா கோயில் வாசலில் என் தோளில் கை போட்டு, "இனிமே நீ என்னைத் திட்டுனா அது குடும்பச் சண்டைடா" என்றாய். இது குடும்பச் சண்டை.

வில்லியனூர் சாலையில் மூலக்குளம் தாண்டி உள்ளே போனால் ஆற்றோரமாக இருக்கிறது ஓட்டுமேடு. பானை ஓடுகள் காலில் இடறுவதால் ஊரார் வைத்த பெயர். ஓடுகள் பழையவை, அதில் இன்றைக்கும் எவருக்கும் சந்தேகம் இல்லை. அங்கே நீ இரண்டு பருவம் அகழாய்வு நடத்தினாய். இரண்டாம் பருவத்தின் இறுதியில் சுவர் வந்தது. ஆள் அகலம். செங்கல் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. நீளம், அகலம், கனம் மூன்றுக்கும் இடையிலான விகிதத்தை அளந்து பார்த்துவிட்டு நீ நிமிர்ந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. "இது சோத்துப் பானை கழுவுனவன் கட்டுன சுவர் இல்ல மச்சான். ராஜா கட்டுனது." அப்படிப்பட்ட செங்கல் பழங்காலத்தில்தான் சுட்டார்கள். அதற்குமேல் நாம் கேட்கவில்லை. செங்கல்லின் வயதையே சுவரின் வயதாக எடுத்துக்கொண்டோம். இந்தத் தவறைச் செய்வதற்குக்கூட ஓரளவு படித்திருக்க வேண்டும்.

குழியை மூடும் நாளில் நீ ஒரு வழக்கம் வைத்திருந்தாய். அடியில் பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் அந்த ஆண்டு அச்சான காசு ஒன்றைப் போட்டு, பிறகு மண் தள்ளுவாய். பின்னால் எவராவது அதே இடத்தில் தோண்டினால் தாளும் காசும் வந்ததும் நிறுத்திக்கொள்வார்கள்: இதுவரை முன்பே ஒருவன் வந்துபோயிருக்கிறான், இன்ன ஆண்டில் வந்தான், இதற்குக் கீழேதான் தொடாத மண். உன் தொழிலில் பலரும் செய்வதுதான். 1987இல் காசை என் கையில் கொடுத்தாய். எட்டணா. "போடு மச்சான். நீயும் சரித்திரத்துல இரு."

போட்டேன். இருபது வருடம் அங்கேயே இருக்கிறது என்று நம்பினேன்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கலியபெருமாளும் மேட்டில் நிலம் உள்ள மற்றவர்களும் அந்த ஆணையை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். கோட்டை இருப்பதற்கு ஆதாரம் எங்கே, அகழாய்வு அறிக்கை எங்கே என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நீ அறிக்கை எழுதவில்லை. எப்போது கேட்டாலும் "எழுதிக்கிட்டிருக்கேன் மச்சான்" என்பாய். நானும் உன் மேசையையும் பேனாவையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அறிக்கை இல்லாததால், நீ தோண்டிய அதே குழியை மறுபடி திறந்து, சுவரின் அடிவரை பார்த்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு வந்த அதிகாரி வெளியூர்ப் பெண்மணி. பேச்சு குறைவு. மண் சுரண்டும் கைக்கரண்டியை நீ பிடிப்பதுபோலவே பிடிக்கிறார். மனுவில் கையெழுத்திட்ட இருவரில் உயிரோடு இருப்பவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள்.

நான் மிகுந்த நிம்மதியோடு போனேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குடை எடுத்துக்கொண்டு, ஒரு வாக்குவாதத்தில் ஜெயிக்கப் போகிறவனைப்போலப் போனேன்.

கலியபெருமாளுக்கு இப்போது அறுபதுக்கு மேல். வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார். ராஜா எழுந்துட்டாரான்னு பாக்க வந்தீங்களா?"

"பார்க்கத்தான் போறோம்" என்றேன்.

"பாருங்க பாருங்க. பதினெட்டு வருஷமா உங்க ராஜாவுக்கு நாங்கதான் வாட்ச்மேன். சம்பளம் கெடையாது. நோட்டீஸ் மட்டும் கரெக்டா வருது."

கூலியாட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தேன். நாம் முதலில் போனபோது இருந்த அதே கூரை வீடுதான். மேட்டுக்குக் கீழே, ஆணைக்கு வெளியே இருக்கிற தெருவில் எல்லாம் மாடி வந்துவிட்டது. இவருடைய மகன் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்; கட்ட வழி இருக்கிறது, அனுமதி இல்லை. மருமகள் இருட்டுவதற்காகக் காத்திருந்து ஆற்றங்கரைப் பக்கம் போகிறாள். இதை அவர் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. அதிகாரி ஒதுங்க இடம் கேட்டபோது அந்தப் பெண்மணியிடம் சொன்னார், நான் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு.

நம் காசு இருக்க வேண்டிய ஆழம் வந்தது. தாள் இல்லை. காசும் இல்லை.

"சார், நீங்க சொன்ன மட்டம் இதுதானே?" என்று அதிகாரி கேட்டார்.

"இதுதான். 1987. எட்டணா. நானே போட்டேன்."

அவர் கரண்டியின் நுனியால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். "இதுவும் கொட்டுன மண்ணுதான் சார். இதுக்குக் கீழயும் யாரோ போயிருக்காங்க."

இருக்க முடியாது என்றேன். நீ இல்லாத இடத்தில் நீ சொல்வதுபோலச் சொன்னேன். அவர் ஆட்களைத் தொடரச் சொன்னார். கொட்டிய மண் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. சுவரின் கடைசி வரிசைச் செங்கல் தெரிந்தது. அதற்கும் கீழே, சுவருக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து வெட்டியிருந்தது. விளிம்புகள் சவரம் செய்ததுபோல இருந்தன. நம் ஊரில் அப்படி வெட்டக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்.

பொந்துக்குள் பாலித்தீன் பொட்டலம். சர்க்கரைப் பொட்டலம்போல மடித்து, கடைசி மூலையை உள்ளே செருகியிருந்தது. பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. லூர்து வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் இட்லியைக்கூட நீ அப்படித்தானே மடிப்பாய்?

உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் களிமண் குழாய்த் துண்டு இருந்தது. கூடவே ஓர் எட்டணா. 1993.

"புகைக்குழாய்" என்றார் அதிகாரி. அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும்தான். புதுச்சேரியில் பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றாவது பார்த்திருப்பார்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் புகையிலை அடைத்துக் குடித்துவிட்டு, உடைந்ததும் எறிந்த குழாய். ஈராயிரம் ஆண்டுக் கோட்டையின் அஸ்திவாரத்துக்கு அடியில் அதற்கு வேலை இல்லை.

எலி வளை வழியாக உள்ளே போயிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீயும் முதலில் அதைத்தான் நினைத்திருப்பாய். அதனால்தான் சுவரின் அடியில் மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்திருக்கிறாய். மற்ற இரண்டு பொந்துகளையும் அன்று பிற்பகலுக்குள் கண்டோம். மூன்றாவதில், செங்கற்களுக்கு இடையிலான சாந்திலேயே இன்னொரு குழாய்த் துண்டு பதிந்திருந்தது. அதை நீ பிடுங்கவில்லை. சுற்றிலும் சுத்தம் செய்து, பார்க்க வருகிறவருக்குத் தெரியும்படி விட்டிருந்தாய். சாந்துக்குள் எலி கொண்டுபோய் வைக்காது.

ஆக, செங்கல் பழையது, சுவர் புதியது. இருநூற்றைம்பது, முந்நூறு ஆண்டுக்குள் எவனோ ஒரு துரை, மேட்டில் புதைந்து கிடந்த பழங்காலக் கட்டடத்தைப் பெயர்த்து, அந்தச் செங்கல்லை வைத்துத் தனக்கு ஒரு சுவர் எழுப்பிக்கொண்டான். கிடங்கோ, காவல் கொட்டடியோ, தெரியாது. அதை நாம் கோட்டை என்றோம். நான் இருபது வருடமாக ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களை அழைத்துப்போய் அந்த இடத்தில் நிறுத்தி, மதிலின் மேல் காவலர்கள் நடந்ததைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நீ உயிரோடு இருந்தவரை நீயும் கூட வந்தாய். மாணவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வாய்.

"இதை யார் சார் வெச்சது?" என்று அதிகாரி கேட்டார்.

"என் தங்கை வீட்டுக்காரர்" என்றேன்.

வேலியருகே நின்றிருந்த கலியபெருமாள் அப்போதுதான் கிட்டே வந்தார். "ஆமாம், அவரு வந்தாரே! தனியா வந்து தோண்டிக்கிட்டிருந்தாரு. அந்த மொபெட்ல வருவாரு. நான்தான் தண்ணி மொண்டு குடுத்தேன்."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"உங்ககிட்ட சொல்லிட்டு இன்னொரு நோட்டீஸ் வாங்கிக்கவா? நல்லா கேட்டீங்க." பிறகு சற்று யோசித்தார். "கடைசி நாளு மேல ஏறி வந்து, 'கலியபெருமாளு, மன்னிச்சுக்கோ'ன்னாரு. என்னாத்துக்குன்னு கேட்டேன். 'செடியை மிதிச்சுட்டேன்'னாரு. அங்க ஏது சார் செடி? வெயில்ல வெறும் கட்டாந்தரை."

அருளப்பா, அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். எதற்கு என்று சொல்லாமல். நீ அப்படித்தான்.

அன்று மாலையே மூலக்குளத்தில் லூர்துவிடம் போனேன். உன் வீட்டு மாமரம் பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்திருக்கிறது. வெட்டச் சொல்லி அவர்கள் முணுமுணுக்கிறார்கள். உன் மகளுக்கு மூன்றாவது மாதம். பேரன் என்றால் உன் பெயர் வைப்பதாகச் சொல்கிறாள். இவை நல்ல செய்திகள். நல்ல செய்தி சொல்லும் மனநிலையில் நான் இல்லை என்றாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

நடந்ததைச் சொன்னேன். லூர்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு கோயிலுக்கே வரலண்ணா. முட்டிபோட முடியல, முதுகு வலின்னாரு. துணியெல்லாம் செம்மண்ணு. ஏதோ ஆபீஸ் வேலைன்னு இருந்துட்டேன். அன்னைக்கு சாயங்காலம் வந்து முகம்கூட கழுவாம அப்படியே ஒக்காந்துட்டாரு. 'பெரிய தப்பு பண்ணிட்டேன் லூர்து'ன்னாரு."

"நீ என்ன கேட்டாய்?"

"வண்டிய எங்கயாவது இடிச்சிட்டீங்களான்னு கேட்டேன். ஆமான்னு தலையாட்டுனாரு. வெளிய போயி மொபெட்ட சுத்திச் சுத்தி பாத்தேன். ஒரு கீறல் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். நானும்தான். பிறகு எழுந்து போய், மாதா படத்துக்கு அடியிலிருந்து ஒரு காசை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். நீ இறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பர்சுக்குள் இருந்தது. எப்போதும் இருக்குமாம். ஒருமுறை கடையில் சில்லறை இல்லாமல் அதை எடுத்தபோது அவள் கையைத் தட்டிவிட்டாயாம். என்ன காசு என்று அவளுக்குத் தெரியவில்லை. நீ பத்திரமாக வைத்திருந்ததால் அவளும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

எட்டணா. 1987.

நான் போட்ட காசு. குழியிலிருந்து எடுத்து, சாகும்வரை பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். என் வகுப்புகளில், மேட்டில், கக்கூஸ் குழியின் ஓரத்தில், நம் வீட்டுப் பந்திகளில். ஒரு கூட்டத்தில் நான் ஓட்டுமேட்டுக் கோட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி முடித்ததும் முதலில் கை தட்டியவன் நீ. அப்போதும் அது உன்னிடம் இருந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? எத்தனை காலம் கழித்தோ அந்தக் குழியைத் திறக்கப் போகிற, முகம் தெரியாத ஒருவனுக்கு உண்மையைப் பொட்டலம் கட்டி, தேதியும் போட்டு வைத்தாய். பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லையா? நான் கோபப்படுவேன் என்று நினைத்தாயா? கோபப்பட்டிருப்பேன். ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். பிறகு இருவரும் உட்கார்ந்து மறுப்பு எழுதியிருப்போம். அந்த வீட்டில் பதினான்கு வருடத்துக்கு முன்பே கக்கூஸ் இருந்திருக்கும்.

மனு எழுதியவன் நான் என்பதால், ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தவன் நான் என்பதால், என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாய் என்று என் மனைவி சொல்கிறாள். அப்படி இருக்கலாம். அப்படித்தான் என்றால் எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். அதைக் கொடுக்க உனக்கு உரிமையும் இல்லை. என் மானத்துக்கு விலை கொடுத்தவள் கலியபெருமாளின் மருமகள்.

இன்னொன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ கண்டது சாதாரணமானது அல்ல. அந்தச் செங்கல் எங்கிருந்தோ வந்திருக்கிறது. சுவர் துரையினுடையது என்றால், அதற்கு முன்பு அத்தனை செங்கல் கொண்ட பெரிய கட்டடம் மேட்டில் எங்கோ இருந்திருக்கிறது. அது கோட்டையாகவே இருந்தாலும் இருக்கலாம். நாம் தவறான இடத்தில் நின்று சரியான நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். பழைய கட்டடம் இருந்திருக்கக்கூடிய வடமேற்கு மூலையை மட்டும் காப்பாற்றி ஆய்வு செய்யலாம், மற்றதை விட்டுவிடலாம் என்று அந்த அதிகாரி இரண்டு நாளில் சொல்லிவிட்டார். நீ சொல்லியிருந்தால் 1993இல் அதை நீயே செய்திருப்பாய். ஓர் அறிக்கை, அதில் ஒரு பிழைதிருத்தம். அவ்வளவுதான். அதற்கா பயந்தாய்?

இப்போதைய நிலவரம் இதுதான். ஆணையைத் திருத்த வேண்டுமென்றால் 1987 அகழாய்வின் அறிக்கை வேண்டும். அதை எழுதக் கூடியவன் நான் ஒருவன்தான். வரைபடங்கள் லூர்துவிடம் இருக்கின்றன. சுவர் கோட்டை அல்ல என்றும், அந்த மனுவின் அடிப்படை தவறு என்றும் எழுத வேண்டும். கல்லூரிச் சுவரில் உன் படத்துக்குக் கீழே 'கோட்டை கண்டவர்' என்று எழுதியிருப்பதை எடுக்க வேண்டியிருக்கும். இந்த மலரின் அட்டையும் பொய்யாகும். எழுதாவிட்டால் உன் பெயர் அப்படியே நிற்கும். கலியபெருமாளின் கூரையும் அப்படியே நிற்கும்.

லூர்துவிடம் வரைபடங்களைக் கேட்டேன். அவள் உடனே கொடுக்கவில்லை.

"நினைவு மலருக்கு எழுதுறேன்னு சொல்லிட்டு அவரைக் கிழிச்சுப் போடப் போறீங்களாண்ணா?"

"உள்ளதை எழுதப் போகிறேன்."

"நீங்க எழுதுனா அந்த வூட்டுக்கு கக்கூஸ் கட்ட வுட்டுடுவாங்களா?"

"விடுவார்கள்."

அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். "எழுதுங்க. ஆனா அவரு ஏமாத்துக்காரருன்னு எழுதாதீங்க. பயந்தாங்கொள்ளின்னு எழுதுங்க. அது எனக்கு ஏற்கெனவே தெரியும்."

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அறிக்கையின் முதல் பகுதி முடிந்துவிட்டது. பிழையின் முழுப் பொறுப்பும் நம் இருவருக்கும் உரியது என்று அதில் எழுதியிருக்கிறேன். இந்தச் சுவர் ஐரோப்பியர் காலத்தது என்பதை முதன்முதலில் கண்டறிந்தவர் யார் என்ற இடத்தில் உன் பெயரையும் 1993 என்ற ஆண்டையும் போட்டிருக்கிறேன். அந்த அதிகாரி அதை ஏற்றுக்கொண்டார். பொட்டலத்தையும் காசையும் ஆதாரமாகப் படம் எடுத்திருக்கிறார். ஆசிரியர்கள் இருவர்: முதலில் நீ, பிறகு நான். கண்டுபிடித்தவன் பெயர்தான் முதலில் வரும்.

நான் செய்யப்போவதையும் இங்கேயே வாக்காகச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையை நானே எடுத்துப்போய்க் கொடுப்பேன். திருத்திய ஆணை வரும்வரை கலியபெருமாளோடு ஆணை பிறப்பித்த அலுவலகப் படியில் உட்காருவேன். குழியை மூடும் நாளில் தாள் விரித்து இந்த வருடக் காசைப் போடுவேன். உன் பர்சிலிருந்து வந்த எட்டணாவைப் போட மாட்டேன். அது என் சட்டைப் பையில் இருக்கும்.

இவற்றில் உனக்கு மறுப்பு ஏதும் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கடைசி நாள் நவம்பர் 2, வெள்ளிக்கிழமை, கல்லறைத் திருநாள், மாலை ஐந்து மணி. அந்நேரம் லூர்துவும் நானும் மெழுகுவர்த்தியோடு உன் கல்லறையில் இருப்போம், நேரிலேயே பெற்றுக்கொள்கிறேன். கனவில் வந்து சொல்வது செல்லாது. தலையாட்டுவதும் செல்லாது. செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது அறவே செல்லாது. அந்நேரத்துக்குள் பதில் வராத பட்சத்தில், உனக்கு ஆட்சேபணை இல்லை என்று கொண்டு, திங்கட்கிழமை காலை அறிக்கை கொடுக்கப்படும்.

வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காதவன் நீ. இந்த ஒருமுறை உன் மௌனத்தை உன் கையெழுத்தாக ஏற்றுக்கொள்கிறேன்.

உன் மச்சான்,
லூர்துவின் அண்ணன்,
தனிஸ்லாஸ்